பத்துக்கு ஆறு

பத்துக்கு ஆறு அடி.
செக்காலை ரோட்டில் என் கடையில்
கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி
எல்லாவற்றுக்கும் சதுர அடிக்கு ஒரே விலை.
'அரிய ஆட்டினம் காப்போம்' என்பதற்கும் அதேதான்.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்
வாசகம் மட்டும் தந்தார்.
படம்?
"நீங்களே ஒரு ஆடு போட்டுக்கங்க."
போட்டேன்.
தேடியதும் முதலில் வந்த ஆடு.
மெத்தையைப் பிரித்துக் கொட்டிய பஞ்சு மாதிரி உடம்பு,
பின்னால் புல்வெளி, அதற்கும் பின்னால் பனிமலை.
சாக்கோட்டைக்கு வடக்கே அப்படியொரு மலை இருந்தால்
நான் ஏன் இந்த மெஷின் சூட்டில் வேகிறேன்.

பெரியநாச்சி வந்தது வேறு வேலையாக.
கொழுந்தன் மகளுக்குச் சடங்கு, நாலுக்கு மூன்று.
தரையில் மை காய்ந்துகொண்டிருந்ததைக்
குனிந்து பார்த்தவள் கேட்டாள்:
"இதுக்கு யாருண்ணே ஸ்வெட்டர் போட்டுவிட்டது?"

எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
எந்த ஆட்டைக் காப்பாத்தப் போறாக?
துண்டுச்சீட்டைப் பார்த்துச் சொன்னேன்: கீழக்கரிசல்.
"அட, அது எங்க ஆடுல்ல."

மறுநாள் கேமராவோடு போனேன்.
அறுத்த வயலில் கிடை. இருபத்து மூன்று உருப்படி.
முதுகில் எங்கள் செம்மண்,
வயிற்றுக்குக் கீழே விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல்,
தாடைக்கடியில் லோலாக்குப் போல இரண்டு சதைத்துண்டு.
ஒன்றும் நிற்கவில்லை.
முப்பத்தொரு படம் எடுத்தேன்,
இருபத்தாறில் பின்பக்கம்.

அவள் பாட்டுக்கு வலையை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னாள்.
கிடை போட்டால் ராத்திரிக்கு இவ்வளவு,
சிலர் நெல்லாய்த் தருவார்கள், சிலர் நாளைக்கு என்பார்கள்.
போன வருடம் புல்லே முளைக்காத கோடையில்
இதுகள் கருவை நெற்று தின்று குட்டி போட்டன.
கொழுந்தன் வாங்கிய கலப்புக் கிடா
ஐப்பசி ஈரத்தில் குளம்பு அழுகி நின்றது.
ஆனாலும் வியாபாரி வந்தால் அதைத்தான் முதலில் தொடுவான்.
"பட்டினி தாங்குனது தராசுல ஏறாதுண்ணே."

அப்புறம் கிடா.
இவளிடம் இருப்பது ஒன்றே ஒன்று.
கல்லலில் இன்னொன்று இருந்தது,
மாசிப் படைப்பில் குழம்பாகிவிட்டது.
"இது பெத்த பொட்டைகளுக்கே இது சேரக் கூடாதுல்ல.
வேற ரத்தம் வேணும். எங்க போயித் தேட?"
சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு,
"காப்போம், காப்போம்னு போட்டா
யாருண்ணே வந்து காப்பா?
என் நம்பரைப் போடுங்க."

போட்டேன்.
அதிகாரிகள் ஏழு பேர் படத்துக்குக் கீழே,
வழக்கமாக என் கடைப் பெயர் போகும் மூலையில்:
'கீழக்கரிசல் கிடா வைத்திருப்போர் அழைக்கவும்.'
யாரும் கவனிக்கவில்லை.
அல்லது கவனித்துவிட்டுப் பேசாமல் விட்டார்கள்.

நிறையப் பேர் அழைத்தார்களாம்.
கிலோ என்ன விலை என்று நாலு பேர்.
கானாடுகாத்தான் ஹோட்டலிலிருந்து ஒருவர்,
விருந்தாளிகள் ஆட்டோடு போட்டோ எடுக்க வாடகைக்கு வருமா என்று.
ஒன்பதாம் நாள், திருமயம் பக்கமிருந்து
தொண்டை கட்டிய ஒரு குரல்:
"எங்கிட்ட ஒரு கிடா நிக்கிது, தாயி.
மூணு வருசமா அதுக்குப் பொருத்தம் பாக்குறேன்."
சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கியது அது,
அவர் மடியில் முன்னங்கால்களைப் போட்டுக்கொண்டு.

மழை பிடித்தபின் ஒருநாள் அந்தப் பக்கம் போனேன்.
தப்பாய் அடித்த முதல் பேனரைக்
காசு வாங்காமல் கொடுத்திருந்தேன்.
நாலு கம்பில் இழுத்துக் கட்டி
குட்டிகளுக்குக் கூரையாக்கியிருந்தாள்.
ஸ்வெட்டர் போட்ட ஆடு வானத்தைப் பார்த்து நனைந்துகொண்டிருந்தது.
பனிமலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.
அடியில், காய்ந்த தரையில்,
வயிறு கறுத்த ஐந்து குட்டிகள்.
ஒன்று
'காப்போம்' தொங்கிய ஓரத்தை
மென்றுகொண்டிருந்தது.